தனித்தனியாகக் கேட்டால்

தன் நிழலைப் பார்த்து ரம்லான் கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட்டாச்சா?" என்பதுதான்.

மன்றத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஒரு நீதிபதியே வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று ரம்லானுக்குப் புரியவில்லை. சுமத்ராவின் கிழக்குக் கரையில் மீன் பிடிக்கிறவர் அவர். அங்கே யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது அதைத்தான். எதிரே திரையில் அவருடைய முகமே, அவருடைய நரைத்த மீசையோடு, அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னும் இல்ல," என்றது நிழல், அவருடைய குரலிலேயே. "வெறும் காப்பிதான். நீ?"

சிரிப்பு கூடியது. கிராமத்தின் சார்பில் வாதாட வந்திருந்த கோமளா மட்டும் சிரிக்கவில்லை. மன்றத்துக்கு எதிர்க் கடையில் ரம்லான் வெறும் காப்பி மட்டும் குடித்துவிட்டு எழுந்ததை அவள் சற்று முன்புதான் பார்த்திருந்தாள்.

"கேளுங்க பாக்," என்று, பெரியவர்களை அந்த ஊரில் கூப்பிடும் முறையிலேயே அவள் மெல்லத் தூண்டினாள். "நாம பேசிவெச்சதைக் கேளுங்க."

ரம்லான் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ ஏன் சரின்னு சொன்ன? நம்ம கரையை மூடி உருக்காலை கட்டுறதுக்கு நீ ஏன் சம்மதிச்ச? உன்னை யார் சொல்லச் சொன்னது?"

"யாரும் சொல்லச் சொல்லல," என்றது நிழல். "எனக்கு முழங்கால் போயிடுச்சு. இன்னும் எத்தனை நாள் வலை இழுப்பேன்? மகன் பாத்தாம் தீவுல வெல்டிங் வேலையில இருக்கான். திரும்பி வரமாட்டான். போன வருஷமே போன்ல சொல்லிட்டான். வந்துடுவான் வந்துடுவான்னு அவன் அம்மாகிட்ட நான்தான் சொல்லிக்கிட்டிருக்கேன். பக்கத்து வீட்டு இட்ரிஸ் எப்படியும் கையெழுத்துப் போட்டுடுவான். அவன் போட்டப்புறம் நான் மட்டும் தனியா நின்னு என்ன பண்ண?"

மூன்றாவது வரிசையில் ரம்லானின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் முந்தானைத் துணியை முகத்துக்கு இழுத்துக்கொண்டதைக் கோமளா பார்த்தாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"வேறு கேள்வி உண்டா?" என்று தலைமை நீதிபதி கேட்டார். ரம்லான் இல்லை என்று தலையசைத்துவிட்டு, திரையில் இருந்த தன் முகத்துக்குப் பழக்கதோஷத்தில் ஒரு வணக்கம் சொல்லிவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கினார். நிழலும் வணக்கம் சொன்னது.

*

கோமளா மேடான் நகரத்துத் தமிழச்சி. கம்போங் மெட்ராஸ் பகுதியில் ஒரு துணிக்கடையின் மாடியில், ஏழைகளுக்கு வழக்காடும் சிறு சங்கம் ஒன்றை நடத்திவந்தாள். கல்லூரிக் காலத்தில் தெருவில் இறங்கிய கூட்டத்தில் அவளும் ஒருத்தி. காட்டை வெட்டுவதானாலும் கரையை மூடுவதானாலும் அங்கே வாழ்கிறவர்களைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள் என்று நாடு முழுக்க மாணவர்கள் நின்றார்கள். கண்ணீர்ப்புகையில் அவளுடைய தோழி ஒருத்தி பார்வை இழந்தாள். கடைசியில் ஓர் அரசு இறங்கி வந்தது. பெரும்பான்மை மக்களின் சம்மதம் இல்லாமல் எந்தத் திட்டமும் கூடாது என்று சட்டம் வந்தது. அன்றைக்கு அவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

கேட்பது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. கூட்டம் போட்டால் அடிதடி வந்தது. ரவுடிகள் வந்து வாசலில் நின்றார்கள். கடலுக்குப் போனவர் வரவில்லை, நோயாளி வரவில்லை, பெண்கள் பேசவில்லை. அப்போதுதான் நிழல் வந்தது. அரசு அதற்கு வைத்த பெயர் வாயில் நுழையாது. மக்கள் அதை 'பாயாங்' என்றார்கள். நிழல் என்று அர்த்தம். ஒருவருடைய போன் பேச்சு, செய்திகள், மருத்துவமனைச் சீட்டு, சந்தையில் வாங்கியது விற்றது எல்லாவற்றையும் வைத்து அவரைப் போலவே யோசிக்கிற ஒன்றை இயந்திரத்துக்குள் உண்டாக்கிவிடலாம். ஆளை அலைக்கழிக்க வேண்டாம். நிழலைக் கேட்டால் போதும். பயமுறுத்த முடியாது, விலைக்கு வாங்க முடியாது என்று முற்போக்கு அணியிலேயே பலர் அதை வரவேற்றார்கள். கோமளாவும் ஒரு பத்திரிகையில் ஆதரித்து எழுதினாள்.

இப்போது மேடானிலிருந்து சில மணி நேரத் தொலைவில் இருக்கும் தஞ்சுங் பெராபட் என்ற மீனவக் கிராமத்தின் நிழல்களைக் கேட்டிருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு நிழல்கள் சம்மதம் சொல்லியிருந்தன. அலையாத்திக் காட்டை அழித்துக் கரையை மண்ணால் நிரப்பி, உலோக உருக்காலையும் அதற்கொரு துறைமுகமும் கட்ட ஒரு நிறுவனம் காத்திருந்தது; கையெழுத்துப் போட்டு இடத்தை விட்டுக்கொடுப்பவர்களுக்கு மேட்டில் வீடு தருவதாகச் சொல்லியிருந்தது.

வெளியே தாழ்வாரத்தில் தியூர்மா காத்திருந்தாள். மீனவர் சங்கத்தின் செயலாளர். மலையிலிருந்து இறங்கி வந்து இந்தக் கரையோடு ஒட்டிக்கொண்ட பாத்தாக் இனப் பெண். இரண்டு முறை சிறைக்குப் போனவள். அவள் குரல் எழுந்தால் படகுத்துறை முழுக்கக் கேட்கும். அந்தக் குரலை இப்போது அடக்கிக்கொண்டு ரம்லானின் தோளைப் பிடித்தாள்.

"அந்தப் பெட்டி பொய் சொல்லுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாக்! உங்க மகனைப் பத்தி அதுக்கு என்ன தெரியும்?"

"பொய் இல்லம்மா," என்றார் ரம்லான். தள்ளி நின்ற மனைவியைப் பார்க்காமல் பேசினார். "அது நான்தான். நான் ராத்திரி படுத்துக்கிட்டு யோசிக்கிறதெல்லாம் அதுதான். ஆனா..."

"ஆனா?"

"நான் படுத்துக்கிட்டு யோசிக்கிறதைக் கேட்டா எப்படி? துறையில நாலு பேரோட உட்காந்திருக்கும்போது நான் இப்படிப் பேசமாட்டேனே. அங்க வேற மாதிரி பேசுவேன். அதுவும் நான்தான்."

தியூர்மா சலித்துக்கொண்டாள். கோமளா அப்படியே நின்றுவிட்டாள்.

*

நிழல்களை இயக்கித் தரும் அலுவலகத்தில் அமல்ராஜ் என்ற தமிழ்ப் பையன் தொழில்நுட்பம் பார்த்தான். அவனுடைய அக்காவும் கோமளாவும் ஒன்றாகப் படித்தவர்கள். மன்றத்துச் சிற்றுண்டிச்சாலையில் அவனைப் பிடித்து உட்காரவைத்தாள். சுற்றிலும் வழக்கறிஞர்களும் நிறுவனத்து ஆட்களும் நிறைந்திருந்தார்கள். தமிழில் பேசினால் ஒருவருக்கும் புரியாது.

"நிழலைக் கேட்கும்போது ஒவ்வொண்ணாத்தானே கேட்குறீங்க?"

"ஆமாக்கா. ஒண்ணு சொல்றது இன்னொண்ணுக்குத் தெரியக்கூடாது. அதான் விதி. யாரும் யாரையும் பயமுறுத்தக்கூடாதுன்னு."

"யாரும் யாருக்கும் தைரியமும் சொல்ல முடியாது இல்ல?"

அமல்ராஜ் தேநீரைக் கலக்குவதை நிறுத்தினான்.

"எல்லா நிழலையும் ஒரே கூடத்துல உட்காரவெச்சா என்ன ஆகும்?" என்று கேட்டாள் கோமளா. "பேசவிட்டா? நம்ம அரசியல் சட்டத்துலயே கூடிப்பேசி முடிவெடுக்கணும்னுதானே இருக்கு. தனித்தனியா கேட்டு எண்ணிப் பார்க்கச் சொல்லலையே."

"முடியும். செஞ்சு பார்த்ததில்ல." அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "ஆனா அக்கா, ஒண்ணு யோசிச்சுக்குங்க. நேர்ல ஒரு கூட்டம் நடந்தா, யார் பேச்சுல யார் மனசு மாறுச்சுன்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது. இதுல எல்லாம் தெரியும். யார் வாயைத் திறந்தப்போ யாருக்குள்ள என்ன அசைஞ்சதுன்னு அப்படியே தெரியும்."

"தெரியட்டும். மறைச்சுப் பேச நமக்கு என்ன இருக்கு? எல்லாமே வெளிச்சத்துல நடக்கணும்னுதான் நாங்க இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டிருக்கோம்."

அவன் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போனான்.

நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் எதிர்த்தார்கள். கோமளா விடவில்லை. கூடிப்பேசுதல் என்பது இந்த நாட்டின் அடிப்படை. ஆளைக் கேட்பதற்குப் பதிலாகத்தான் நிழல் என்றால், ஆட்கள் எப்படி முடிவெடுப்பார்களோ அப்படித்தான் நிழல்களும் முடிவெடுக்க வேண்டும் என்று வாதாடினாள். தலைமை நீதிபதிக்கு அதில் ஏதோ பிடித்துப்போயிருக்க வேண்டும். அடுத்த வாரமே உத்தரவு வந்தது.

*

நிழல்கள் கூடிய அன்று மன்றத்தில் நிற்க இடமில்லை. திரையில் கிராமத்துப் பள்ளிக்கூடக் கூடம் போலவே ஒன்றை வரைந்திருந்தார்கள். அதில் தெரிந்த முகங்களின் சொந்தக்காரர்கள் பலர் கீழே பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து, தங்களைத் தாங்களே தேடிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் தியூர்மாவின் நிழல் எழுந்தது. கடலைப் பற்றி, உரிமையைப் பற்றி, வேறொரு தீவில் உருக்காலை வந்த பிறகு கிணறுகள் செம்மண் நிறமான கதையைப் பற்றிப் பேசியது. அருமையான பேச்சு. நிழல்கள் தலையாட்டின. திரையின் ஓரத்தில் சம்மதத்தைக் காட்டும் கோடு மட்டும் அசையவே இல்லை.

பிறகு கூடத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு கீச்சுக் குரல் கேட்டது.

"ஏ இட்ரிஸ், கையெழுத்துப் போட்டுட்டு எங்க போவ?"

பெஞ்சில் இருந்தவர்கள் முனகினார்கள். அது சல்மாவின் நிழல். கருவாடு விற்கும் விதவை. ஊரில் வயதான பெண்களை 'வாக்' என்று பெரியம்மா முறை வைத்துக் கூப்பிடுவார்கள். வாக் சல்மா வருகிறாள் என்றால் பாதிப் பேர் வீட்டுக்குள் போய்விடுவார்கள். வாய் ஓயாது. எதைச் சொன்னாலும் ஏன் என்பாள். இரவல் வாங்கினால் திருப்பித் தரமாட்டாள். சங்கக் கூட்டங்களில் அவள் வாயை அடைப்பதே பெரும்பாடு என்று தியூர்மா எத்தனையோ தடவை கோமளாவிடம் புலம்பியிருக்கிறாள்.

"மேட்டுல வீடு தர்றாங்கல்ல," என்றது இட்ரிஸின் நிழல்.

"படகை?"

"வித்துடுவேன்."

"யாருக்கு?"

இட்ரிஸின் நிழல் தலையைச் சொறிந்தது.

"இல்ல, கேட்கிறேன். நீயும் விப்ப, ரம்லானும் விப்பான், எல்லாரும் விப்பீங்க. வாங்கறது யாரு? நானா? எனக்கு நீந்தவே தெரியாது." கூடத்தில் சில நிழல்கள் சிரித்தன. "ரம்லான், நீ என்ன பண்ணப்போற?"

"இட்ரிஸ் போட்டா நானும் போட்டுடுவேன், வாக்."

"இட்ரிஸ் இன்னும் போடலையே. பாரு, தலையைச் சொறிஞ்சுக்கிட்டிருக்கான். அவனுக்கும் குழப்பம்தான். இட்ரிஸ், ரம்லான் போட்டாத்தான் நீயும் போடுவியா?"

"அப்படித்தான் நினைச்சிருந்தேன்," என்றது இட்ரிஸின் நிழல்.

இப்போது சிரிப்பு பெரிதாக எழுந்தது. திரையிலும் எழுந்தது, பெஞ்சுகளிலும் எழுந்தது. நிஜ இட்ரிஸ் நிஜ ரம்லானின் முதுகில் தட்டினார். சல்மாவின் நிழல் விடவில்லை. அடுத்த ஆளிடம் போனது, அதற்கடுத்த ஆளிடம் போனது. யார் போட்டால் நீ போடுவாய்? அவன் இன்னும் போடவில்லையே. ஒவ்வொருவரும் இன்னொருவர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நம்பித்தான் விட்டுக்கொடுத்திருந்தார்கள் என்பது அந்தக் கூடத்தில் மெல்ல மெல்ல வெளியே வந்தது. ஓரத்துக் கோடு இறங்க ஆரம்பித்தது. பாதிக்குக் கீழே போனது. இன்னும் இறங்கியது.

சம்மதம் இல்லை என்று மன்றம் பதிவு செய்தது. தியூர்மா கோமளாவைத் தூக்கியே விட்டாள். மனிதர்கள் அழுதார்கள், பாடினார்கள். நிறுவனத்து வழக்கறிஞர்களின் மேசை மட்டும் அமைதியாக இருந்தது. அவர்களில் ஓர் இளம்பெண் தன் மடிக்கணினியில் எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கோமளா கவனித்தாள். தோற்றவர்கள் வேலை செய்கிறார்கள், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

சல்மா அன்று மன்றத்துக்கு வரவில்லை. சந்தை நாள்.

*

சில நாட்களுக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் அமல்ராஜ் கோமளாவைத் தேடி வீட்டுக்கே வந்தான். உட்காரச் சொன்னதும் உட்காரவில்லை.

"அந்தக் கூட்டத்தை மறுபடி ஓட்டிப் பார்க்கணும்னு நிறுவனம் மனு போட்டுச்சு. பார்க்க அவங்களுக்கும் உரிமை இருக்குல்ல, எல்லாமே வெளிப்படைதானே. ஒவ்வொரு தடவையும் ஒரு நிழலை மட்டும் எடுத்துட்டு ஓட்டுறாங்க. இன்னார் இல்லாட்டி என்ன முடிவு வந்திருக்கும்னு."

"என்ன வந்துச்சு?"

"யாரை எடுத்தாலும் மறுப்புதான். ஒரே ஒருத்தரை எடுத்தப்போ மட்டும் சம்மதம்."

"யாரு?"

"பேரை எனக்குக் காட்டல அக்கா. எண் மட்டும்தான் வரும். ஆனா இத்தனை நாளா ஒரு ஊரை ஒருத்தர் தாங்கிக்கிட்டிருக்காங்கன்னா அது யாரா இருக்கும்? உங்களுக்குத் தெரியாதா?"

கோமளாவுக்குத் தெரியும் என்றுதான் தோன்றியது. அன்று மதியமே தியூர்மாவை மேடானுக்கு வரவழைத்து, தனக்குத் தெரிந்த ஒரு கன்னியர் மடத்தில் தங்கவைத்தாள். தியூர்மா முரண்டு பிடித்தாள். "என் பை எப்பவும் தயாரா இருக்கு. பிடிச்சா பிடிக்கட்டும். இது எனக்குப் புதுசா?" என்றாள். ஆனால் குரலில் ஒரு பெருமிதம் ஒளிந்திருந்தது. ஒரு ஊரே தன்மேல் நிற்கிறது என்று இயந்திரமே சொல்லிவிட்டதல்லவா.

மறுநாள் ரம்லான் போன் செய்தார். போலீஸ் வந்துபோயிருக்கிறது. வாக் சல்மாவைக் கூட்டிப்போய்விட்டார்கள்.

"சல்மாவையா?" கோமளாவுக்கு விளங்கவில்லை. "எதுக்கு?"

"அலையாத்திக் காட்டுல விறகு வெட்டினாளாம். காடு பாதுகாக்கப்பட்டதாம். ஊர்ல எல்லாரும்தான் வெட்டுறோம். அந்தக் காட்டையே மண்ணுபோட்டு மூடப்போறவங்க வந்து சொல்றாங்க."

கோமளா போனை வைத்துவிட்டுத் தியூர்மாவைப் பார்த்தாள். தியூர்மா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். 

"நான் பேசினப்போ அந்தக் கோடு அசையலை, நீ பார்த்தியா?" என்றாள். "நான் பார்த்தேன். பார்த்துட்டு, பெட்டிக்கு என் பேச்சு புரியலைன்னு நினைச்சுக்கிட்டேன்." பிறகு மடத்துக் கட்டிலிலிருந்து தன் பையை எடுத்தாள். "என்னை ஊர்ல விட்டுடு. என்னைப் பிடிக்க யாரும் வரமாட்டாங்க."

*

பெண்கள் சிறையின் பார்வையாளர் அறையில் சல்மாவுக்கும் கோமளாவுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி இருந்தது. சல்மா சிறுத்துப்போயிருந்தாள். வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"ஒரு சுமை சுள்ளிக்கா இத்தனை பேர் வந்தாங்க? ரெண்டு வண்டி! என் கருவாடு முத்தத்துல காயுது, யாராவது எடுத்து வெச்சாங்களா? மழை வந்தா எல்லாம் போச்சு."

"ரம்லான் எடுத்து வெச்சிருக்காரு, வாக்."

"அவனா? பாதியைத் தின்னுடுவான்."

கோமளா உண்மையைச் சொன்னாள். கூடத்தில் நடந்ததை, சல்மாவின் நிழல் கேட்ட கேள்விகளை, ஊர் மாறியதை, நிறுவனம் கண்டுபிடித்ததை, எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வைக்கச் சொன்னது தானே என்பதையும். சல்மா வழக்கத்துக்கு மாறாக, குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அதையெல்லாம் நானா கேட்டேன்?"

"உங்க நிழல் கேட்டுச்சு."

"நான் கேட்கலையே!" சல்மா கண்ணாடியில் கையை வைத்தாள். "அன்னிக்கு நான் சந்தையில இருந்தேன். நிஜமாவே கூட்டம் போட்டிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன், போனா தியூர்மா உட்காரு உட்காருன்னு அடக்குவா. அது கேட்டதுக்கு என்னை எதுக்குப் பிடிக்கணும்? அதைப் பிடிச்சுப் போடறதுதானே?"

 அதையும் பிடித்துத்தான் போட்டிருந்தார்கள். காவலில் இருப்பவரின் நிழலுக்குப் பேச உரிமை இல்லை என்று ஒரு விதி இருந்தது. ஒரு சுமை சுள்ளிக்காக வழக்குப் போட்டதே அந்த ஒரு விதிக்காகத்தான்.

அந்த வாரக் கடைசியிலேயே நிறுவனம் அடுத்த மனுவைப் போட்டது. நிழல்கள் பழையவை; மக்களின் இன்றைய மனநிலையை வைத்து மறுபடியும் கூட்ட வேண்டும். மன்றம் ஏற்றுக்கொண்டது. வழக்கமான நடைமுறைதான்.

இடையில் இருந்த நாட்களில் கோமளா கிராமத்துக்குப் போனாள். தியூர்மா மாறியிருந்தாள். கூட்டம் போடவில்லை, ஒலிபெருக்கி எடுக்கவில்லை. துறையில் உட்கார்ந்து, பேசுகிறவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ரம்லான் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார். அவருக்குச் சல்மாவின் வாய் வராது. வாசலில் நின்று, தயங்கித் தயங்கி, "நீ கையெழுத்துப் போட்டுட்டு எங்க போவ?" என்று கேட்பார். "போன வாரமும் இதைத்தானே கேட்டீங்க பாக்," என்பார்கள். "பரவாயில்ல, மறுபடி சொல்லு," என்பார். அவருடைய மனைவி இப்போது அவரோடு சரியாகப் பேசுவதில்லை. ஆனாலும் கூடவே நடந்தாள். பெண்கள் இருக்கும் வீடுகளில் அவளே கேட்டாள். மகன் வரமாட்டான் என்பதையும் தானாகவே எல்லாரிடமும் சொன்னாள். அதைச் சொன்ன பிறகு மற்றவர்களும் தங்கள் வீட்டுச் சங்கதிகளைச் சொன்னார்கள். இந்தப் பேச்செல்லாம் அவரவர் சட்டைப்பையில் இருந்த போன்கள் வழியாக நிழல்களுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. தெரிந்தும் யாரும் குரலைத் தாழ்த்தவில்லை.

*

இரண்டாவது கூட்டத்தில் சல்மாவின் முகம் இருந்த இடம் திரையில் வெற்றாக இருந்தது. நிறுவனத்து மேசையில் அன்று எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

கூட்டம் நீளவே இல்லை. இட்ரிஸின் நிழல் எழுந்து, "எங்க போறதுன்னு எனக்கு இன்னும் தெரியல. அதனால நான் போடமாட்டேன். ரம்லான் போட்டாலும் போடமாட்டேன்," என்றது. ரம்லானின் நிழல் எழுந்து ஏறக்குறைய அதையே சொன்னது. சம்மதக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

இந்த முறை யாரும் பாடவில்லை. ஊர்க்காரர்கள் எழுந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். பல பேருக்கு, திரையில் தாங்கள் சொன்னதைக் கேட்டுத் தங்களுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது போலிருந்தது. கரையை மூட அனுமதி இல்லை என்று தலைமை நீதிபதி வாசித்தார்.

அமல்ராஜ் படிக்கட்டில் நின்றிருந்தான். கோமளா அவனிடம் போய்த் தமிழில் கேட்டாள். "மறுபடி ஓட்டிப் பார்த்தாங்களா?"

"பார்த்துட்டாங்க. மனு போட்ட கையோட."

"இந்தத் தடவை யாரு?"

"யாரும் இல்ல அக்கா. ஒரு எண் விடாம எடுத்துப் பார்த்தாச்சு. ரம்லானை எடுத்தாலும் மறுப்பு. தியூர்மாவை எடுத்தாலும் மறுப்பு. யாரை எடுத்தாலும் அப்படியே நிக்குது."

 பல வாரங்களுக்குப் பிறகு கோமளாவுக்கு மனம் லேசானது. "நல்லது," என்றாள் அவள். "நல்லதுதானே?"

அமல்ராஜ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஒவ்வொருத்தரா எடுத்துப் பார்க்கறதை நிறுத்திட்டாங்க. எத்தனை பேரைச் சேர்த்து எடுத்தா மாறும்னு இப்ப ஓட்டச் சொல்லியிருக்காங்க. நாளைக்குள்ள வேணுமாம்." ஒரு படி கீழே இறங்கினான். "நான் வேலையை விட்டுடறேன்னு சொன்னேன். உன் நிழல் இருக்கு, அது ஓட்டிக்கும்னாரு மேலாளர். விளையாட்டுக்குச் சொன்னாரா, நிஜமா சொன்னாரான்னு தெரியல."

*

வெற்றிச் செய்தியைச் சல்மாவுக்கு நேரில் சொல்ல வேண்டும் என்று மறுநாள் காலை கோமளா சிறைக்குப் போனாள். சல்மா நன்றாகத் தூங்கியவள் போல இருந்தாள். கோமளா சொல்லச் சொல்லக் கண்களை அகல விரித்துக் கேட்டாள்.

"இந்தத் தடவை நான் என்ன கேட்டேன்?"

"நீங்க இல்ல, வாக். உங்க நிழலை நிறுத்தி வெச்சிருந்தாங்க."

"அப்ப யார் கேட்டது?"

"யாரும் கேட்கலை. கேட்கறதுக்கு முன்னாடியே எல்லாரும் பதில் சொல்லிட்டாங்க."

"நான் இல்லாமலேயா?" அவள் முகத்தில் ஒரு கணம் மனத்தாங்கல் வந்தது, பிறகு அது வேறெதுவாகவோ மாறியது. "அப்ப சரி. இனிமே நான் உள்ள இருந்தாலும் வெளிய இருந்தாலும் ஒண்ணுதானே? என்னை விட்டுடுவாங்கதானே?"

"முயற்சி பண்றேன், வாக்."

"பண்ணு, பண்ணு. சீக்கிரம் விட்டுடுவாங்கன்னுதான் நானும் நினைக்கிறேன். என்னை வேற அறைக்கு மாத்திட்டாங்க, தெரியுமா? ஓரமா, சின்னதா ஒண்ணு. நான் இருந்தது பெரிய கூடம். அதைக் காலையிலேருந்து கழுவித் துடைச்சுப் பாய் போடறாங்க. ஆம்பளைங்க பக்கமும் அதே சத்தம்தான். எதுக்குன்னு காவக்காரியைக் கேட்டேன். பதில் சொல்லாம போயிட்டா. என்கிட்ட யாருமே பதில் சொல்றதில்ல."

கோமளாவின் கை, மேசைமேல் இருந்த போனை நோக்கிப் போய், பாதியில் நின்றது. யாருக்குச் சொல்வது? சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்?

"எத்தனை பாய், வாக்?"

"எண்ணலை," என்றாள் சல்மா. "கூடம் நிறைய."